டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவை யார் பார்ப்பது?

தம்பி, நீங்கள் எழுதியதை முழுக்கப் படித்தேன். அம்மாவுக்கு 58 வயது, மார்பகப் புற்றுநோய், ஆப்பரேஷன் முடிந்து கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது, ஏற்கெனவே இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டு. வீடு இங்கே மலேசியாவின் ஜொகூரில், லாபிஸ் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்), நீங்கள் சிங்கப்பூரில் வேலை, வீட்டில் அப்பா மட்டும். உடம்புக்கு ஏதாவது என்றால் கிளினிக்கில் 'பெரிய ஆஸ்பத்திரியில் கேளுங்கள்' என்கிறார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் 'பக்கத்துக் கிளினிக்கில் காட்டுங்கள்' என்கிறார்கள், நடுவில் நாங்கள் யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், கடைசி வருடங்களில் கீமோ டே கேரில் வேலை, கீமோ ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறவர்களுக்கான பிரிவு அது. இப்போது இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் தெரிந்தவர்கள் கூப்பிட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். உங்கள் கேள்வியை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டு பக்கமும் ஏன் கை காட்டுகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கிளினிக் டாக்டர் முன்னால் அம்மா போய் உட்காரும்போது அவருக்குத் தெரிவது இனிப்புநீரும் ரத்தக் கொதிப்பும்தான். என்ன கீமோ மருந்து, எத்தனையாவது சுற்று, போன வாரம் ரத்தப் பரிசோதனை எப்படி வந்தது, எதுவும் அவர் கண்ணில் படாது. அரசு மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் எல்லாம் ஒரே கணினிப் பதிவில் இன்னும் வந்து சேரவில்லை. விவரம் தெரியாமல் கீமோ நோயாளிக்கு மருந்து எழுத எந்த நல்ல டாக்டரும் தயங்குவார், தயங்கத்தான் வேண்டும். அந்தப் பக்கம் போன் எடுக்கிற தாதிக்கு அம்மாவின் முகம் தெரியாது, ஃபைல் கையில் இல்லை, பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு பேருமே தங்கள் இடத்திலிருந்து சரியாகத்தான் பேசுகிறார்கள், நோயாளிதான் நடுவில் நிற்கிறார்.

இதோடு தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சுகாதார அமைச்சின் கீழ் புற்றுநோய்க்கு முழு வசதியோடு இருக்கிற மருத்துவமனைகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், பினாங்கு, கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர் பாரு, அப்புறம் சபா சரவாக்கில். தோட்டப்புறத்து ஆட்களுக்கு எந்தப் பக்கம் போனாலும் அது ஒரு நாள் வேலை. பார்க்கிற கட்டணம் குடிமக்களுக்குக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட், நிபுணரிடம் ஐந்து ரிங்கிட், அது யாரையும் தடுப்பதில்லை. காருக்கும் எண்ணெய்க்கும் போகிற செலவும், கூடப் போகிறவரின் ஒரு நாள் சம்பளமும்தான் ஆளை வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகிறது.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்சார்ஜ் செய்யும்போது நோயாளியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கையில் ஒப்படைக்க வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் ஒரு தாளை நோயாளியின் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்தத் தாளை மறுமுனையில் வாங்கிக்கொள்ள பெயர் சொல்லக்கூடிய ஓர் ஆள் இல்லை. அந்த ஆள் யார் என்று வார்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே முடிவாகிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. கீமோ ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன டிஸ்சார்ஜ்தானே, அதனால் உங்களுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது.

அடுத்த கீமோ நாளில் அப்பா கேட்க வேண்டியது இதுதான். 'எங்கள் ஊர் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதாரக் கிளினிக்) ஒரு சூராட் ருஜுக்கான் (பரிந்துரைக் கடிதம்) எழுதிக் கொடுங்கள், அதில் கீமோ மருந்தின் பெயர், எத்தனையாவது சுற்று, கடைசி ரத்தப் பரிசோதனை, என்ன வந்தால் உடனே அனுப்ப வேண்டும், எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், எல்லாம் இருக்கட்டும்.' கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள், கேட்காதவர்களுக்குப் பல நேரம் அது வருவதில்லை. அந்த நம்பர் ஆஸ்பத்திரி ஆபரேட்டர் நம்பராக இருக்கக் கூடாது, டே கேர் கவுண்டரின் நேர் நம்பர் வேண்டும். ஆபீஸ் நேரம் முடிந்த பிறகு யாரைக் கூப்பிடுவது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பினால் அதைக் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள், ஏனென்றால் ஜொகூரில் 2025 தொடங்கி வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறிவிட்டது, திங்கள் காலை வரை கிளினிக்கில் ஆள் பிடிப்பது கஷ்டம். கடிதம் கைக்கு வந்ததும் மேசை டிராயரில் வைத்துவிடாமல் அடுத்த வேலை நாளே அம்மாவுக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதே அப்பா அதைக் கிளினிக்கில் கொண்டுபோய்க் காட்டி, நகல் ஒன்றை அவர்கள் கார்டில் சேர்க்கச் சொல்லட்டும். உடம்பு முடியாத நேரத்தில் முதன்முதலாகப் போய் நின்று கதையை ஆரம்பத்திலிருந்து சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

இப்போது காய்ச்சலைப் பற்றி. இந்தப் பதிலில் வேறு எதையும் நினைவில் வைக்க முடியாவிட்டாலும் இதை வையுங்கள், அப்பாவிடம் இன்று ராத்திரியே போனில் சொல்லுங்கள். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகக் கீழே இறங்கும். அந்த நாட்களில் கிருமியை எதிர்க்க உடம்பில் படை இல்லை, சாதாரணமாக மூன்று நாளில் போகிற தொற்று சில மணி நேரத்தில் ரத்தத்தில் கலந்து ஆளைக் கவிழ்த்துவிடும். பல நேரம் சளி இருக்காது, காயத்தில் சீழ் இருக்காது, காய்ச்சல் மட்டும்தான் அடையாளம். நம் ஆட்களின் பழக்கம் என்ன? பனடோல் இரண்டு போட்டு, போர்வையை இழுத்துப் போர்த்தி, 'காலையில் பார்க்கலாம்' என்று படுப்பது. பனடோல் போட்டால் காய்ச்சல் இறங்கி அடையாளமும் மறைந்துவிடும், உள்ளே தொற்று ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள், பார்மசியில் விலை அதிகமில்லை. 38 டிகிரியைத் தொட்டாலோ, உடம்பு குளிர்ந்து நடுங்கினாலோ, மணி என்ன என்று பார்க்காமல் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

எந்த எமர்ஜென்சி? இங்கேதான் குடும்பங்கள் தடுமாறுகின்றன. 'ஃபைல் பெரிய ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறது' என்று நடுராத்திரியில் இரண்டு மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது சிகாமட் மருத்துவமனை, அங்கேதான் போக வேண்டும். கார் இல்லாவிட்டால் 999. கவுண்டரில் சொல்ல வேண்டிய முதல் சொல் கீமோ. 'மாக் சாயா பாரு பூவாட் கீமோ, டெமாம்' (என் அம்மாவுக்கு இப்போதுதான் கீமோ போட்டது, காய்ச்சல்) என்று மலாயில் ஒரே வரியில் சொன்னால் போதும், அப்பா சொன்னால் 'மாக் சாயா'வுக்குப் பதில் 'இஸ்திரி சாயா' (என் மனைவி). காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் மற்றக் காய்ச்சல்காரர்களோடு வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். கீமோ என்று சொன்னால் ரத்தம் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயோட்டிக் ஏற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதை முடித்துவிட்டு அவர்களே பெரிய ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுப் பேசிக்கொள்வார்கள்.

அடுத்தது இனிப்புநீர், ஏனென்றால் இங்கே கிளினிக்கும் ஆஸ்பத்திரியும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே உடம்புக்கு வைத்தியம் பார்க்கின்றன. வாந்தி வராமலிருக்க கீமோவோடு டெக்ஸாமெத்தசோன் கொடுப்பது வழக்கம், அது ஸ்டீராய்டு, அதைச் சாப்பிடுகிற நாட்களில் சர்க்கரை மேலே ஏறும். அந்த நாட்கள் கழிந்ததும் வாய் கசந்து, குமட்டி, அம்மா சரியாகச் சாப்பிடமாட்டார், ஆனால் பழக்கத்துக்குச் சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ அப்படியே போட்டுக்கொள்வார், அப்போது சர்க்கரை கீழே விழும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறும். வீட்டில் 'கீமோ பலவீனம்' என்று நினைத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் ஒன்று வீட்டில் இருக்கட்டும், கீமோ வாரத்தில் தினமும் பார்த்து எழுதட்டும், சாப்பிட முடியாத நாளில் மருந்தை எவ்வளவு குறைப்பது என்று கிளினிக் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இந்தக் கேள்விக்குப் பெரிய ஆஸ்பத்திரியைவிட உங்கள் கிளினிக்தான் நல்ல இடம், கீமோ விவரம் அவர்கள் கையில் இருந்தால்.

மருந்து உறை விஷயமும் உண்டு. தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களில் பலருக்கு மலாய் பேசத் தெரியும், படிக்க வராது, உறையில் எழுதியிருப்பதோ மலாய். நான் போன ஒரு வீட்டில் பாட்டி மாத்திரைகளையெல்லாம் ஒரு மைலோ டின்னில் கொட்டி வைத்திருந்தார். கணக்கு நிறத்தில், காலையில் வெள்ளை, ராத்திரி மஞ்சள். அந்த மாதம் அரசு பார்மசியில் வேறு கம்பெனி மாத்திரை வந்திருக்கிறது, அதே ரத்தக் கொதிப்பு மருந்து, நிறம் மட்டும் ரோஸ். பாட்டி அதைப் புது மருந்து என்று எடுத்துக்கொண்டு, டின்னில் மிச்சமிருந்த வெள்ளையையும் சேர்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து நின்றால் தலை சுற்றல். பிள்ளைகள் புற்றுநோய் மூளைக்குப் போய்விட்டதோ என்று பயந்துபோயிருந்தார்கள். டின்னை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் பெயர் பார்த்துப் பிரித்தபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து நான் போகிற வீடுகளில் மார்க்கர் பேனாவால் உறைமேல் தமிழில் எழுதிவிடுகிறேன், எதற்கான மருந்து, எப்போது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. எழுத்தே படிக்காதவர்களுக்கு ஒரு சூரியன், ஒரு நிலா. புது மருந்து வாங்கி வரும்போது பழையதை எடுத்துப் போய் பார்மசியில் காட்டி, எதை நிறுத்துவது என்று கேளுங்கள். அப்பா எழுதுவாரோ மாட்டாரோ, நீங்கள் வாரக் கடைசியில் வரும்போது உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

தொடர்ந்து சாப்பிடுகிற மருந்துக்காக மட்டும் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எஸ்.பி.யு.பி. என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, ஆஸ்பத்திரி எழுதின மருந்தின் மிச்ச மாதங்களைப் பக்கத்து அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ வாங்கிக்கொள்ளலாம், ஆஸ்பத்திரி பார்மசி கவுண்டரில் கேட்டால் பதிந்து தருவார்கள். எல்லா மருந்தும் அப்படிக் கிடைக்காது, எது கிடைக்கும் என்று அவர்களே சொல்வார்கள்.

வலி பற்றி உங்கள் கேள்வியில் இல்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற வேறு வீடுகளில் அது இருக்கும். நம் நாட்டில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும்போதே மூன்றாவது, நான்காவது கட்டத்தில் இருப்பவர்கள் தேசியப் பதிவேட்டின்படி 60 விழுக்காட்டுக்கும் மேல். அப்படியானால் வீட்டில் வலியோடு படுத்திருப்பவர்கள் நிறையப் பேர். டாக்டர் மார்ஃபின் எழுதினால் 'அது கடைசி மருந்து, கொடுத்தால் போய்விடுவார்' என்று குடும்பமே பாட்டிலை அலமாரியில் பூட்டி வைக்கிறது. மார்ஃபின் நாளைக் குறைக்கிற மருந்து கிடையாது. வலி அடங்கினால் அவர் தூங்குவார், இரண்டு வாய் சாப்பிடுவார், பேரப்பிள்ளையோடு பேசுவார். வலிக்காக டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுகிறவர் அதற்கு அடிமையாகிவிடுவாரோ என்ற பயத்தில் வலியைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டாம். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதனால் மார்ஃபினோடு மலமிளக்கி மருந்தும் சேர்த்து வாங்கினீர்களா என்று பாருங்கள். பாட்டில் தீர்ந்துபோவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அடுத்ததற்கு ஏற்பாடு செய்யுங்கள், அது கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, சனிக்கிழமை ராத்திரி எந்தக் கடையிலும் கிடைக்காது. முதுகுவலி புதிதாக வந்து கூடவே கால் தளர்ந்தாலோ, சிறுநீர் போகாமல் நின்றாலோ அது வலி மருந்தில் தீருகிற விஷயம் இல்லை, அன்றே ஆஸ்பத்திரி.

படுக்கையில் விழுந்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கிற சேவை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. சுகாதார அமைச்சு 2014 முதல் கிளினிக்குகள் வழியாக பெர்கிட்மாத்தான் பெராவாத்தான் டொமிசிலியாரி என்ற பெயரில் நடத்துகிறது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, குழாய் மாற்றுவது, உடற்பயிற்சி சொல்லிக் கொடுப்பது போன்ற வேலைகள். ஆனால் ஆஸ்பத்திரி எழுதி அனுப்ப வேண்டும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு 1991-இல் தொடங்கிய ஹோஸ்பிஸ் மலேசியா வீடு தேடி வருகிறது, நம் மாதிரி ஊர்களுக்கு அந்த அளவு கிடையாது. 2019 முதல் 2030 வரைக்கும் தேசிய வலிநிவாரணப் பராமரிப்புக் கொள்கை என்று ஒன்று இருக்கிறது, வீட்டுக்குப் பக்கத்திலேயே இந்தப் பராமரிப்பு கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தோட்டப்புறத்துக்கு அது எப்போது வந்து சேரும் என்று நம் தொகுதி ஆட்களிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்.டி.ஆர். (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் உதவித்தொகை) வாங்குகிற குடும்பம், வயது 40-க்கு மேல், அரசு மருத்துவமனையில் சிகிச்சை என்றால் பெக்கா பி40 என்ற அரசுச் சுகாதார உதவித் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்பதற்கு 1,000 ரிங்கிட் வரை ஊக்கத்தொகையும், தீபகற்பத்தில் போக்குவரத்துக்கு 500 ரிங்கிட் வரையும் கேட்கலாம். அம்மா தோட்ட நாற்றுப்பண்ணையில் வேலை செய்தவர் என்று எழுதியிருந்தீர்கள், அப்படியானால் பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) சந்தா பிடித்திருப்பார்கள். இனி வேலை செய்ய முடியாது என்று மருத்துவக் குழு முடிவு செய்தால் இலாட் (இயலாமை) பென்ஷன் உண்டு, அதற்கு 60 வயதுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கடைசி 40 மாதத்தில் 24 மாதச் சந்தா இருந்தால் முழுத் தகுதி. அம்மாவுக்கு 58, ஆகவே இதைத் தள்ளிப் போடாதீர்கள், முக்கியமாக அவசரப்பட்டு வேலையை ராஜினாமா செய்துவிட்டு அப்புறம் விசாரிக்கலாம் என்று இருக்காதீர்கள். இதற்கெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே கெர்ஜா சோசியல் பெருபாத்தான் (மருத்துவச் சமூகப் பணி) என்று ஒரு பிரிவு இருக்கிறது, வார்டு தாதியிடம் சொன்னால் அவர்களைப் பார்க்க ஏற்பாடு செய்வார்கள். பாரம் நிரப்பவும் உதவுவார்கள்.

சரி, இவ்வளவையும் குடும்பமே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நோயாளிக்கும் அமைப்புக்கும் நடுவில் வழிகாட்ட ஓர் ஆள் வேண்டும் என்பது புது யோசனை இல்லை, அமெரிக்காவில் ஹார்லம் மருத்துவமனையில் டாக்டர் ஹெரால்ட் ஃப்ரீமன் 1990-இலேயே ஏழைப் பெண்களுக்காக அப்படி ஒரு திட்டம் தொடங்கினார். இங்கேயும் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் கேன்சர் ரிசர்ச் மலேசியாவோடு சேர்ந்து 2014-இல் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு வழிகாட்டித் தாதிகளை வைத்தார்கள். பரிசோதனையிலிருந்து சிகிச்சை வரை கூடவே நின்று, வராதவர்களைக் கூப்பிட்டு விசாரித்து, சந்தேகத்தைத் தீர்க்கிற வேலை. இதே வேலை டிஸ்சார்ஜுக்குப் பிறகும் தொடர வேண்டும், வீட்டுக்குப் போன இரண்டாம் மூன்றாம் நாளில் ஒரு போன், கீமோ போட்ட பத்தாம் நாளில் ஒரு போன், தமிழ் தெரிந்த ஒருவர் பேசினால் இன்னும் நல்லது. பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு மாவட்டக் கிளினிக்கிலும் புற்றுநோய்க்கென்று ஒரு தாதியின் பெயரைக் குறித்து, பெரிய ஆஸ்பத்திரி டே கேரோடு அவரை நேராகப் பேச வைத்தாலே உங்கள் அம்மா மாதிரி ஆட்கள் நடுவில் நிற்க மாட்டார்கள்.

அது வரும் வரைக்கும் நம் ஊரில் நாமே கொஞ்சம் செய்யலாம். தோட்டத்தில் எச்.ஏ. (தோட்ட மருத்துவ உதவியாளர்) இருந்தால் அவரிடம் அம்மாவின் கடிதத்தைக் காட்டி வையுங்கள், ராத்திரியில் முதலில் கதவைத் தட்டுகிற இடம் அவர் வீடுதான். கோயில் கமிட்டியில் பேசி, கீமோ நாளில் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போகிற இரண்டு மூன்று பேரை ஒரே வேனில் அனுப்ப முடியுமா என்று பாருங்கள். இங்கே ஒரு கோயிலில் அப்படித்தான் ஆரம்பித்தார்கள், செலவு பங்காகிவிடுகிறது, போகிற வழியில் பெண்கள் ஒருவருக்கொருவர் பேசியே பாதிப் பயம் போய்விடுகிறது. நாட்டு மருந்து கொடுக்கச் சொல்லி யாராவது வந்தால் சண்டை போடாதீர்கள், கீமோ முடிகிற வரை டாக்டரிடம் கேட்காமல் எதுவும் உள்ளே போகக் கூடாது என்று மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள், சில மூலிகைகள் கல்லீரலையும் கீமோவின் அளவையும் மாற்றிவிடும்.

கீமோ முடிந்த பிறகும் ஆள் தேவை என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். ஹார்மோன் மாத்திரை எழுதினால் ஐந்து வருடமோ அதற்கு மேலோ தினமும் சாப்பிட வேண்டியிருக்கும், மேமோகிராம் வருடம் ஒரு தடவை. ஆப்பரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்கினாலோ கனத்தாலோ 'வேலை செய்ததால்தான்' என்று விடாமல் ஆரம்பத்திலேயே பிசியோவுக்குக் காட்டுங்கள், முற்றிப் போனால் குறைப்பது கஷ்டம். உடம்பு தேறினதும் தேதிகளை விட்டுவிடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், ஒரு தேதி தவறினால் அடுத்ததைக் கேட்டு வாங்க வெட்கப்பட்டுக்கொண்டே மாதக்கணக்கில் போகாமல் இருந்துவிடுகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, கவுண்டரில் போய்ச் சொன்னால் புதுத் தேதி போட்டுத் தருவார்கள்.

இப்போது உங்களிடம் இரண்டு கேள்வி. அம்மாவுக்கு என்ன கீமோ மருந்து என்று அப்பாயிண்ட்மெண்ட் கார்டிலோ டிஸ்சார்ஜ் தாளிலோ எழுதியிருக்கும், பெயரை அப்படியே எழுதுங்கள், நோயாளி பெயரும் ஐசி (அடையாள அட்டை) நம்பரும் வேண்டாம். நரம்பில் நிரந்தரக் குழாய் வைத்திருக்கிறார்களா, போர்ட் அல்லது கையில் பிக் லைன் மாதிரி? பிக் லைன் என்றால் வாரம் ஒரு தடவை கட்டு மாற்றிக் கழுவ வேண்டும், அதை உங்கள் கிளினிக்கில் செய்வார்களா அல்லது சிகாமட்டுக்குப் போக வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். தெரிந்ததும் எழுதுங்கள், கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டிய கடிதத்தில் என்னென்ன வரிகள் இருக்க வேண்டும் என்று மலாயிலேயே எழுதித் தருகிறேன், அப்பா அதை டாக்டரிடம் நீட்டினால் போதும்.